தலைக்கு மேல் ஒன்பது நிமிடம்

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். மற்றபடி மறைக்க ஒன்றுமில்லை, கேளுங்கள்.

வெண்ணந்தூரில் பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். விசைத்தறி ஓட்டும் அர்த்தநாரியாகிய நான், அடுத்த தெரு தீனதயாளன். விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடந்து போக ஒன்பது நிமிடம் ஆகும். கீழிருந்து பேசுவதை வாங்கி வெகுதூரத்துக்குத் திருப்பிவிடும் கருவி அதில் இருக்கிறது. தீனதயாளன் அதன் வழியாகக் கொழும்போடு பேசினான், மஸ்கட்டோடு பேசினான். என் குரல் மட்டும் பதினோரு மாதமாக ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. தறியை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடி, வாய் வலிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவன்தான் வேண்டுமென்றே தன் ரேடியோவால் என் குரலை அமுக்குகிறான் என்று பட்டது. நேரிலேயே கேட்டேன். சிரித்தான்.

“ஏனுங்கண்ணா, டோன் போட்டீங்களா? நம்ம குரலோட அறுபத்தேழு ஹெர்ட்ஸ் டோனுன்னு ஒரு சன்னமான சத்தமும் சேந்து போனாத்தான் நெலையம் காதுல வாங்கும். ரேடியோவக் கொண்டாங்க, நானே போட்டுத் தாரேன்.”

என் ரேடியோ அவன் கைக்குப் போக வேண்டுமாம். நான் அவ்வளவு ஏமாளி இல்லை சார். ரேடியோவையும் கொடுக்கவில்லை, டோனையும் தொடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, இருபதடி இரும்புக் குழாயில் புது ஆன்டெனா நிமிர்த்தத் துணைக்குக் கூப்பிட்டான். அவன் மொட்டைமாடியை ஒட்டியே உயரழுத்த மின்கம்பி போகிறது. குழாய் அந்தப் பக்கம் சாயாமல் கயிற்றை இழுத்துப் பிடிப்பது என் வேலை. அவன் குழாயின் அடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“இன்னும் பத்து நிமிசத்துல நெலையம் வந்துருமுங்க. இன்னைக்கு மொதல்ல நீங்க பேசுங்கண்ணா” என்றான்.

காரணமில்லாமல் யார் சார் விட்டுக்கொடுப்பார்கள்? அந்தத் தாராளம்தான் என் சந்தேகத்தை உறுதியாக்கியது. கயிறு வழுக்கியது என்று ஊரில் சொன்னது பொய். யோசித்துத்தான் விட்டேன். குழாய் கம்பியில் விழுந்தது. அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

வீட்டுக்குப் போய் என் ரேடியோவை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். நிலையம் வந்தது. தடுக்க ஆளில்லை. ஒன்பது நிமிடமும் கூப்பிட்டேன், பதிலே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அவன் மனைவி சுகன்யாவைக் கொஞ்சம் விசாரியுங்கள் சார். அழுகிறாள், சரி. அவன் ரேடியோ இப்போது அவளிடம்தானே இருக்கிறது.