கால் முழுசா வரணும்

முதல் தடவையா கேமரா வாங்கறவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்யறாங்க சார். கையில இருக்கிற காசை மொத்தமா கேமரா பாடியில கொண்டுபோய்க் கொட்டிடுவாங்க, லென்ஸுக்கு ஒண்ணும் மிஞ்சாது. நான் செங்கல்பட்டுல ஸ்டூடியோ வெச்சு இருபத்தெட்டு வருசம் ஆகுது. யோசனை கேட்டு வந்த யாருக்கும் தப்பா சொன்னதில்ல. பாடி பழசா இருந்தாலும் பரவாயில்ல, லென்ஸை நல்லதா வாங்குங்கன்னுதான் சொல்வேன். சுப்பிரமணிக்கும் அதையேதான் சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது, நீங்க எந்தப் போட்டோகிராபரை வேணும்னாலும் கேட்டுப் பாக்கலாம்.

டீ ஆறுது சார், குடிங்க. நீங்க பிரிண்ட் வாங்கத்தான் வந்தீங்க, தெரியும். ஸ்டேஷன்ல கண்டக்டர் கால் தவறி விழுந்தார்னு எழுதியாச்சு, பைலோட வெக்க நாலு படம் வேணும், அவ்ளோதான். படம் ரெடியா இருக்கு. நான் சொல்றதையும் கேட்டுட்டு பைலை மூடுங்க.

சுப்பிரமணியை உங்களுக்கு உயிரோட இருந்தப்ப தெரியாதுன்னு நெனைக்கறேன். செங்கல்பட்டு மாமல்லபுரம் ரூட்ல பதினாலு வருசம் கண்டக்டர். நாப்பத்தொரு வயசு. நல்ல மனுசன், அதை நானே சொல்றேன். ஓடற பஸ்ல எதையும் புடிக்காம, திரும்பியும் பாக்காம, பின்பக்கமாவே நடந்து டிக்கெட் கிழிப்பான். அவன் விழுந்து யாரும் பாத்ததில்ல. ஒரு சாதாரண மொபைல் வெச்சிருந்தான், கண்ணாடி கூட கீறல் விட்டது. பஸ் நிக்கற எடத்துல எல்லாம் அதுல படம் எடுப்பான். கீரைக்கட்டோட ஏறற பொம்பளை, தூங்கிட்டு வர்ற வாத்தியாரு, கல்பாக்கம் ஷிப்டுக்குப் போற ஆளுங்க. எடுத்து வாட்ஸ்அப்ல போடுவான். ஜனங்க அதை ஊர் ஊரா அனுப்பினாங்க.

முதல்ல நானும் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன். வெளிச்சம் தெரியாம எடுக்கறான், ஏதோ அதிர்ஷ்டம் அமையுதுன்னு நெனைச்சேன். அப்புறம் ஊரப்பாக்கத்துலேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க. நான் ஆல்பம் எல்லாம் எடுத்துப் போட்டேன். பொண்ணோட அப்பா நாலு பக்கம் புரட்டிட்டு, தன் போனை எடுத்துக் காமிச்சு, "இந்தக் கண்டக்டர் எடுக்கற மாதிரி எடுத்துக் குடுப்பீங்களா"ன்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது சார், மறைக்க என்ன இருக்கு. செங்கல்பட்டுல போட்டோன்னா ஜெகதீசன். எனக்குப் புள்ளை குட்டி இல்ல, நெலம் புலம் இல்ல. இந்தப் பேரு ஒண்ணுதான் நான் சம்பாதிச்சது.

அதையும் பொறுத்துக்கிட்டேன். விஜயகுமாரி விசயம்தான் வேற. விஜயகுமாரி என் வீட்டுக்காரி. ஒரு நாள் அவ போன் அடிச்சுது, நான் எடுத்தேன், திரையில அவ படம். பஸ் படியில ஒரு காலை வெச்சுகிட்டு, யாரையோ பாத்துச் சிரிக்கறா. பல்லு தெரிய சிரிக்கறா, காத்துல முடி பறக்குது. யாரு எடுத்ததுன்னு கேட்டேன். கண்டக்டர் தம்பின்னா. அப்புறம் போனை வாங்கி அந்தப் படத்தையே பாத்துகிட்டு, "என்னை இப்படி யாருமே எடுத்ததில்ல"ன்னு சொன்னா. இருபத்தாறு வருசத்துல நான் அவளை நூறு படம் எடுத்திருப்பேன். நல்ல லைட்டு, நல்ல பேக்ரவுண்டு. ஒண்ணுலயும் அவ சிரிக்கல. அதுவரைக்கும் எனக்கு அது தெரியவே தெரியாது.

தப்பா எடுத்துக்காதீங்க, சந்தேகம் எல்லாம் கிடையாது. அவன் அவளை அக்கான்னுதான் கூப்பிடுவான். பொறாமைன்னும் எழுதிடாதீங்க. தொழில் கத்துகிட்டவனுக்கும் கத்துக்காதவனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கணும் இல்லையா. அந்த வித்தியாசம் அழிஞ்சுகிட்டு வந்துது. யாராவது ஒருத்தர் அதைச் சரி பண்ண வேண்டியிருந்துது.

அவனே வந்தான் சார். நான் போய்க் கூப்பிடல. போன தை மாசம் ஸ்டூடியோவுக்கு வந்து, செருப்பை வெளியில விட்டுட்டு உக்காந்தான். ஊர்ல எல்லாரும் நீ கேமரா வாங்குன்னு சொல்றாங்களாம். கன்னியம்மாவும், அது அவன் வீட்டுக்காரி, சரின்னுட்டாளாம். முப்பதாயிரத்துக்கு மேல ஒரு ரூபா முடியாதாம். "இன்னா வாங்கறது அண்ணாத்த, நீ சொன்னா கண்ண மூடிகினு வாங்கிடுவேன்"னான்.

கண்ணை மூடிகிட்டு வாங்கறேன்னு அவன் வாயாலதான் சொன்னான்.

புதுசா வர்ற மிரர்லெஸ் கேமரா, அதான் உள்ள கண்ணாடி இல்லாதது, அதெல்லாம் அவன் காசுக்குக் கட்டாது. அதனால பழைய எஸ்எல்ஆர்தான் சரின்னு சொன்னேன். அது நெஜம். அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் மெட்ராஸ் போய், பழைய கேமரா விக்கற ஒரு கடையில உக்காந்தோம். நல்ல பாடி ஒண்ணு கிடைச்சுது, அதிகம் ஓடாதது. லென்ஸுன்னு வந்தப்பதான் பேச்சு வளந்துது. கடைக்காரர் சாதாரண ஜூம் லென்ஸை மாட்டிக் குடுத்தாரு. சுப்பிரமணி அதைக் கண்ணுல வெச்சுப் பாத்துட்டு, "இதுல கடை முழுசா வருதே அண்ணாத்த"ன்னு கொழந்தை மாதிரி சந்தோசப்பட்டான். நான் அதைக் கழட்டச் சொல்லிட்டு ஐம்பது எம்எம் லென்ஸை மாட்டச் சொன்னேன். ஜூம் கிடையாது, வெலை கம்மி, முகம் அவ்வளவு தெளிவா விழும், பின்னாடி எல்லாம் மங்கலாகி ஆளு மட்டும் தனியா நிப்பான். கடைக்காரரும் தலையாட்டினாரு. காசு கம்மியா இருக்கிறவனுக்கு அதைவிட நல்ல லென்ஸ் கிடையாது சார்.

அதுல ஒரே ஒரு சங்கடம். அந்த பாடியில ஐம்பது எம்எம் போட்டா எல்லாம் கிட்டத்துல தெரியும். ஜூம் லென்ஸ்ல ஒரு ஆளைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் எடுக்க ஒம்பது, பத்து அடி போதும். இதுல கேமராவைப் படுக்கையா புடிச்சா இருபத்தஞ்சு அடி பின்னாடி போகணும். அதையும் அவன்கிட்ட ஒளிக்கல. காலாலதான் ஜூம் பண்ணணும் சுப்பிரமணின்னு சொன்னேன். அவன் சிரிச்சான். எனக்கு நடக்கறதுக்கா சொல்லித் தரணும்னு கேட்டான்.

மூணு வாரம் மாமல்லபுரம் கடற்கரையில சொல்லிக் குடுத்தேன். டூரிஸ்ட் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, காலையில. மொபைல்காரன் மாதிரி ஸ்கிரீனைப் பாத்து எடுக்காதே, ஒரு கண்ணைக் கேமரா ஓட்டையில வை, இன்னொரு கண்ணை மூடு. பின்னாடி போறப்ப திரும்பிப் பாக்காதே, பாத்தா பிரேம் போயிடும். மணல்ல அவன் பின்னாடி பின்னாடி நடந்து பழகினான். ரெண்டாவது வாரமே என்னைவிட நல்லா நடந்தான். அந்த மூணு வாரமும் நாங்க சந்தோசமா இருந்தோம் சார், உண்மையாவே. வடை வாங்கிக் குடுப்பான், காசு குடுத்தா வாங்க மாட்டான்.

திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ள போனா ஒரு பழைய கல்குவாரி இருக்கு, உங்களுக்கு இப்ப நல்லா தெரியும். வேலை நின்னு பன்னெண்டு வருசம் ஆச்சு. மேல பாறை தரை மாதிரி சமமா இருக்கும். ஓரத்துல ஒரு எல்லைக்கல் நட்டிருக்காங்க. அந்தக் கல்லுகிட்ட நின்னா முதுகுக்குப் பின்னாடி கெழக்க கடல் தெரியும். சாயங்கால வெயில் நேரா மூஞ்சில விழும். முன்னாடி, மேக்கால, பள்ளம். எல்லைக்கல்லுலேர்ந்து பள்ளத்து விளிம்புக்கு இருபத்தேழு அடி. டேப் போட்டு அளந்தேன்.

எப்போ அளந்தேன்னு கேக்கணும் சார் நீங்க. மெட்ராஸ் போறதுக்கு முந்தின நாள்.

அந்த வெள்ளிக்கெழமை அவனுக்கு வார ஓய்வு. எனக்கு நல்லதா ஒரு படம் இல்ல, நீ எடுத்துக் குடுன்னு கேட்டேன். அவனுக்கு மொகம் மலர்ந்து போச்சு. "ஒன்ன நான் எடுக்கறதா அண்ணாத்த"ன்னு ரெண்டு தடவை கேட்டான். வண்டியில என் பின்னாடி உக்காந்துகிட்டு வழி முழுக்க வேர்க்கடலை தின்னுகிட்டு வந்தான். நேரா எல்லைக்கல்லு வரைக்கும் கூட்டிகிட்டுப் போனேன். பள்ளம் இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். வர்றப்பவே பாத்தான். ஆனா கண்ணை ஓட்டையில வெச்ச பிறகு அவன் பாக்கறது நான் ஒருத்தன்தான், அதைத்தானே மூணு வாரமா பழக்கினேன்.

நான் கல்லுகிட்ட நின்னேன். கடல் அகலமா வரணும், படுக்கையா புடின்னு சொன்னேன். அவன் பத்தடியில நின்னு முகத்தை மட்டும் ஒண்ணு எடுத்தான். போதும்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். முழுசா வேணும்னு கேட்டேன்.

எங்க பக்கத்துல சில குடும்பத்துல ஒரு பழக்கம் உண்டு. முழு ஆளா நிக்கறவனைக் கால் வெட்டிப் போட்டோ எடுத்தா அவனுக்கு ஆயுசு கொறைஞ்சிடும்னு சொல்வாங்க. நான் நம்பறதில்ல, தொழில்காரன் நம்ப முடியுமா. சுப்பிரமணி நம்புவான். கன்னியம்மா இன்னும் அதிகமா நம்புவா. பஸ்ல அவன் எடுக்கற முழு ஆள் படம் ஒண்ணுல கூட கால் வெட்டாது, நீங்க கவனிச்சுப் பாருங்க. அது எனக்குத் தெரியும். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கல. பதினஞ்சு அடியில நின்னான், உதட்டைச் சுழிச்சான்.

"காலு கட்டாவுது அண்ணாத்த. அது ஆகாது, இரு, ஒனக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

பின்னாடி போனான். என் ஆயுசு கொறையக் கூடாதுன்னுதான் சார் அவன் பின்னாடி போனான். இருபது அடி. இன்னும் பாதம் வரலன்னான். இருபத்தஞ்சுல நின்னான். நான் மனசுக்குள்ள எண்ணிகிட்டே அவனைப் பாத்தேன். கிளிக்னு சத்தம் கேட்டுது. கண்ணை எடுக்காமயே, "வந்துடுச்சு அண்ணாத்த, முழுசா வந்துடுச்சு, சூப்பரா கீற"ன்னான்.

அங்க படம் முடிஞ்சு போச்சு. தலைக்கு மேல வானம், கீழ ரெண்டு பாதம், எல்லாம் சரி. அதுக்கு மேல ஒரு அங்குலம் தேவையில்ல. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்.

அவன் நாள் முழுக்க ஜனங்களைப் பாத்துச் சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு. பஸ்ல மூச்சு விட எடம் இருக்காது, ஆனாலும் அதைச் சொல்லுவான், ஜனங்களும் நம்பிப் போவாங்க. அதைத்தான் நான் சொன்னேன்.

"இன்னொண்ணு எடு. போ சுப்பிரமணி, பின்னாடி எடம் கீது."

அவன் குரல் மாதிரியே சொன்னேன்னு நெனைக்கறேன். அவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுகிட்டேதான் போனான். கத்தல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கீழ சத்தம் கேட்டுது, அதுவும் பெருசா இல்ல.

நான் எல்லைக்கல்லு மேல உக்காந்துட்டேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். உங்க ஆளுங்க வந்தாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல விபத்துப் படம் எடுக்க ஸ்டேஷன்ல எப்பவும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, அன்னிக்கும் நான் பக்கத்துலயே இருந்தேன், என்னையே எடுக்கச் சொல்லிட்டாங்க. பதினாலு படம் எடுத்தேன். வண்டிப் பெட்டியில எப்பவும் இருக்கற என் கேமராவுல ஜூம் லென்ஸ் போட்டுகிட்டேன். கீழ பள்ளத்துல, அந்தக் குறுகலான எடத்துல பின்னாடி போக வழியில்ல. அதோ உங்க கவர்ல இருக்கு, ஒண்ணு கூட ஆடியிருக்காது.

பதினாறாம் நாள் டிப்போவுல படத்திறப்பு வெச்சாங்க. அதுக்கும் போனேன். கேமரா சுக்கு நூறு, ஆனா உள்ள இருந்த மெமரி கார்டு நல்லா இருந்துதாம். அதுலேர்ந்து அவன் கடைசியா எடுத்த படத்தை ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணி செவுத்துல மாட்டியிருந்தாங்க. என் படம். கடல், வானம், மூஞ்சில வெயில், நான் நேரா பாத்துகிட்டு நிக்கறேன். உதடு லேசா அசையற மாதிரி இருக்கு, எண்ணிகிட்டு இருந்தேன் இல்லையா. அவன் பஸ்ஸோட டிரைவர் ரவிச்சந்திரன் அது முன்னாடி நின்னு தேம்பி அழுதாரு. ஒரு மனுசன் கண்ணுல இவ்வளவு இருக்கும்னு இவன்தான்யா காமிச்சான்னாரு. பத்திரிகைக்காரர் ஒருத்தர் அதைப் படம் எடுத்துகிட்டுப் போனாரு. கன்னியம்மா என் கையைப் புடிச்சுகிட்டு, உங்களாலதான் அவரு பேரு நிக்குதுன்னா.

விஜயகுமாரியும் வந்திருந்தா. ரொம்ப நேரம் பாத்தா. திரும்பி வர்ற வழியில, "இப்பதாங்க உங்களை யாரோ உள்ளபடி எடுத்திருக்காங்க"ன்னு சொன்னா. அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. இன்னியோட எட்டு நாள் ஆச்சு, தங்கச்சி வீட்டுல இருக்கா.

அதனாலதான் சொல்றேன், எழுதிக்குங்க. நான் தள்ளல, தொடக்கூட இல்ல. ஆனா சுப்பிரமணி தவறி விழல, நான்தான் கொன்னேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன், வக்கீலும் வேண்டாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க செஞ்சு குடுக்கணும் சார். அந்தப் படத்துக்குக் கீழ, எடுத்தவர் சுப்பிரமணி, நடத்துநர்னு எழுதி வெச்சிருக்காங்க. எடம் பாத்தது நான். வெயில் பாத்தது, லென்ஸ் பாத்தது, தூரம் அளந்தது எல்லாம் நான். அவன் வெறும் பட்டனைத்தான் அழுத்தினான். டிப்போவுல சொல்லி அவன் பேரை அழிச்சுட்டு, ஜெகதீசன்னு எழுதச் சொல்லுங்க.