மூன்றாம் கொக்கி

உங்கள் அறைக் கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடுகிறது. போன மாதம் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தபோதே கவனித்தேன், சொல்லவில்லை. அன்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தாள்கள். எழுத ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை எழுந்துபோய் மேசையை நேராக்கிவிட்டு வந்தேன், இப்போது நாற்காலி கோணலாகத் தெரிகிறது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். எனக்கு எப்போதும் இப்படித்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். இதை உங்கள் மனம் இளக வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. படிவத்தில் படிப்பு என்ற கட்டத்தை நிரப்புகிற மாதிரி எழுதுகிறேன். அட்டைப்பெட்டி ஆலையில் என்னோடு சேர்ந்த மூன்று பையன்களுக்கும் ஆளுக்கொரு இயந்திரத்தைக் கொடுத்தார்கள். எனக்கு நாலு டப்பா பெயிண்டும் ஒரு பெட்டி ஒட்டும் டேப்பும் கிடைத்தன. “பொம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் கலர் எல்லாம் நல்லா வரும்” என்றார் மேலாளர். மதிப்பெண்ணில் அந்த மூன்று பேரும் எனக்குப் பின்னால் வந்தவர்கள். நான் டப்பாவைத் திறந்தேன்.

ஆறே மாதத்தில் அந்தத் தளத்தை மாற்றினேன். நடக்கிற வழிக்கு மஞ்சள் கோடு போட்டேன். ஒவ்வொரு ஸ்பானருக்கும் சுவரில் அதன் உருவத்தையே வரைந்து, ஆணி அடித்து மாட்டவைத்தேன். ஒன்று காணாமல் போனால் அதன் கறுப்பு நிழல் மட்டும் சுவரில் நிற்கும், குருடனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நடுவில் பெரிய பலகை. இயந்திரத்துக்கு ஒரு கொக்கி. பழுதுபார்க்க யாராவது உள்ளே நுழைந்தால், தன் புகைப்படம் ஒட்டிய சிவப்பு அட்டையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். அட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார், இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கே விளங்கும்.

அதற்கு முன்னால் அங்கே வேறொரு வழக்கம் இருந்தது. குரல் கொடுப்பது. இயந்திரத்தை ஓட்டுகிறவர் பொத்தானை அழுத்தும் முன் “ஆள் இருக்கா” என்று மூன்று முறை கத்துவார், பிறகு இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பார். கடிகாரம் வைத்து அளந்தேன். ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடம். பெட்டி அட்டைகளை அழுத்தி வெட்டுகிற, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய மூன்றாம் எண் பிரஸ் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சலில் கத்துவது பாதி நேரம் யார் காதிலும் விழாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டி அந்த வழக்கத்தை நிறுத்தினேன். சுவரில் இரண்டடி உயரத்தில் எழுதினேன்: கத்தாதே, பார்.

நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் சரிதான்.

இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற ஃபிட்டருக்குத்தான் அது பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும், தொப்பைக்காரர். சிரித்தால் பழைய டீசல் வண்டி கிளம்புகிற மாதிரி இருக்கும். எனக்கு ‘ஸ்டிக்கர்’ என்று பெயர் வைத்தது அவர்தான். ஒரே வாரத்தில் தளம் முழுக்க அதுவே என் பெயராகிவிட்டது. பலகையைத் திறந்துவைத்த அன்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

“ஏம்மா ஸ்டிக்கர், குரல் குடுத்தா உள்ள இருக்கிறவன் பதில் சொல்லுவான். உன் அட்ட பதில் சொல்லுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். இன்னொரு நாள் மேலாளரிடம் பேசிக்கொண்டு நின்ற என் காலைச் சுற்றி, எனக்கே தெரியாமல், மஞ்சள் டேப்பால் ஒரு சதுரம் ஒட்டிவிட்டார். உள்ளே சாக்பீஸால் ‘ஸ்டிக்கர் நிற்கும் இடம்’ என்று எழுதியிருந்தார். அன்று நான்தான் முதலில் சிரித்தேன். கல்லூரியிலேயே அதைப் பழகியிருந்தேன். நாம் முதலில் சிரித்துவிட்டால் அடுத்தவர்கள் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்கள்.

அவர் அட்டை மாட்டாமலே உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். நான் சண்டை போடவில்லை. பலகையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். மாட்டாதவர்களின் முகம், அதன் பக்கத்தில் நாளுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. பதினோரு நாள் அவர் முகம் மட்டும் தனியாக அங்கே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொடுக்க அவருடைய மகள் வந்தாள். கல்லூரியில் முதல் வருஷம். அவர்கள் வீட்டிலும் அவள்தான் முதல். பலகை முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் படித்தாள். அப்பாவின் முகத்தை, பொட்டுகளை, எல்லாவற்றையும்.

மறுநாள் ஃபிட்டர் என் மேசைக்கு வந்தார். சிரிக்கவில்லை.

“எம் பொண்ணு படிச்சிட்டாம்மா. அத எடுத்துடு. இனிமே மாட்டிடறேன்.”

முப்பது நாள் இருக்க வேண்டும் என்பது விதி, எடுக்க முடியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு நாள்கூட மாட்டாமல் உள்ளே போகவில்லை. ஆனால் வெளியே வந்ததும் கழற்ற இரண்டு தடவை மறந்தார். அதற்கும் எல்லார் முன்னாலும் கேட்டேன், ‘உள்ளே யாரும் இல்லாதபோது பலகை பொய் சொல்லுது பாருங்க’ என்று. ‘தப்பு என் மேலதான்’ என்று ஒத்துக்கொண்டார்.

அந்த நாளைப் பற்றி உங்களிடம் சொன்னதையே முதலில் திரும்ப எழுதிவிடுகிறேன். பெட்டி வாங்குகிற பெரிய நிறுவனத்திலிருந்து ஆறு பேர் பார்வைக்கு வந்தார்கள். பலகையில் பழுதைக் காட்டும் ஒரு சிவப்புகூடக் கண்ணில் படக்கூடாது என்று மேலாளர் காலையிலிருந்து நாலு முறை சொல்லியிருந்தார். பத்தே காலுக்குப் பிறகு நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. மஞ்சள் கோட்டைத் துடைத்தேன், பலகையில் ஒட்டியிருந்த காந்தங்களை வரிசைப்படுத்தினேன், துடைத்த கோட்டையே மறுபடி துடைத்தேன். மூன்றாம் பிரஸ் நின்றிருந்தது. அதை ஓட்டுகிற ஆபரேட்டர் தேநீர் குடித்துவிட்டு வந்தார். என் வயசுதான், அமைதியான ஆள். ஃபிட்டர் அவரை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவார். விருந்தினர்கள் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆபரேட்டர் பொத்தானில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உள்ள யாரும் இல்லையே மேடம்?”

“பலகையப் பாருங்க” என்றேன்.

பார்த்தார். மூன்றாம் கொக்கி காலியாக இருந்தது. அழுத்தினார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பிரஸ்ஸின் இரண்டு இரும்புத் தட்டுகளும் வழக்கமாகச் சேரும்போது ஒரு ஓசை வரும். அன்று அது வேறு மாதிரி வந்தது, அவ்வளவுதான். பத்து மணி இருபத்தாறு நிமிடம்.

எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்து ஓடினார்கள். நான் பலகைக்குப் போய்க் காலிக் கொக்கியைப் படம் எடுத்தேன். உங்கள் கோப்பில் இருக்கும் படம் அதுதான். நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: ஆபரேட்டர் பார்த்தபோது அட்டை தொங்கியதா? இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. ‘இறந்தவர் அட்டையை மாட்டவில்லை’ என்று நீங்கள் முடிவெழுதினீர்கள்.

இனி நீங்கள் கேட்காதவை.

பிரஸ்ஸின் பின்பக்கம் ஃபிட்டரின் பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. பிரஸ்ஸின் அடித்தட்டில் ஒட்டிய ரப்பர் கெடக்கூடாது என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஜோடியாக, குதிகால் சுவரை ஒட்டினாற்போல். ஆபரேட்டர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து தெரியும். பார்த்தேன். ஆனால் அந்த இடத்தில் பூட்ஸுக்கென்று நான் கட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. கட்டம் போடாத இடத்தில் கிடக்கும் பொருள் எதையும் தெரிவிப்பதில்லை. ஒழுங்கு என்று ஒன்றை வைத்தால் எல்லோரும் அதையே நம்ப வேண்டும். வைத்தவளே பூட்ஸைப் பார்த்து முடிவு செய்தால் பலகை எதற்கு?

விபத்துக்குப் பத்து நாள் கழித்து மேலாளர் ஒரு சுவரொட்டி கேட்டார், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. நான்தான் செய்தேன். இரண்டுக்கு மூன்றடி. ஃபிட்டரின் முகம், கீழே காலிக் கொக்கி, அதற்கும் கீழே ‘இவர் மாட்டவில்லை’. நல்ல சுவரொட்டி. இருபதடி தூரத்திலிருந்து படிக்கலாம்.

ஆபரேட்டர் அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. சம்பளப் பாக்கி விஷயமாக அவர் மனைவி ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் விளக்கைப் போடும் முன், மின்விசிறியைப் போடும் முன் “ஆள் இருக்கா” என்று மூன்று முறை கத்துகிறாராம். பிறகு வீட்டை ஒரு சுற்று சுற்றி வருகிறாராம். பிள்ளை தூங்கினாலும் கத்துகிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். ஒன்றரை நிமிடம் ஆகுமே என்று தோன்றியது. சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஃபிட்டரின் மகள் அவருடைய அலமாரிச் சாமான்களை வாங்கிப்போக வந்தாள். ஒரு சட்டை, சீப்பு, சின்ன ரேடியோ. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், அவள் கையெழுத்துப் போட்டாள். போகும்போது சுவரொட்டியின் முன் நின்றாள். இந்த முறையும் மேலிருந்து கீழாகப் படித்தாள்.

“அப்பா மாட்டலையா?”

“கொக்கியில இல்லம்மா.”

“சரிக்கா. அப்போ அட்ட எங்க?”

எனக்கு விளங்காதது போல நின்றேன்.

“மாட்டலைன்னா அவர் பையில இருக்கணும். பையில இல்ல. இந்த அலமாரிலயும் இல்ல. அதோட பின்னாடி நான் எழுதியிருந்தேன்க்கா, கழட்ட மறந்துடறார்னு. எனக்கு அது வேணும்.”

நீங்களும் மூன்று பேர் கொண்ட உங்கள் குழுவும் மேலாளரும் சேர்ந்து பதினெட்டு பக்கம் எழுதினீர்கள். இந்த ஒரு கேள்வி உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முதல் வருஷம் படிக்கிற பெண்ணுக்குத் தோன்றியது. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் கேட்டது எனக்குப் புதிதல்ல. உபயோகத்தில் இல்லாத அட்டைகளை வைக்க வாசல் பக்கம் ஒரு சின்னப் பலகை இருக்கிறது. ஒவ்வோர் அட்டைக்கும் அங்கே நிழல் வரைந்திருக்கிறேன். விபத்து நடந்த மறுநாளிலிருந்து ஒரு நிழல் மட்டும் காலியாக நின்றது. உள்ளே வரும்போதும் போகும்போதும் அதுதான் கண்ணில் படும். நாலாம் நாள் வெள்ளை பெயிண்ட் அடித்து அதை மறைத்தேன். காய்ந்த பிறகும் லேசாகத் தெரிந்தது. இன்னொரு பூச்சு அடித்தேன். மொத்தம் ஐந்து பூச்சு ஆகிவிட்டது. எனக்கு மட்டும் இன்னும் தெரிகிறது.

அன்று பத்து இருபத்திரண்டுக்கு மூன்றாம் கொக்கியில் அட்டை தொங்கியது. அவர் மாட்டியிருந்தார். சிவப்பு, அதில் அவர் முகம். தளத்தில் இருந்த ஒரே சிவப்பு. நான் எடுத்தேன்.

வழக்கம்போலக் கழற்ற மறந்திருப்பார் என்று நினைத்தேன் என எழுதலாம். நீங்கள் நம்புவீர்கள், இரண்டு தடவை மறந்ததற்குச் சாட்சியும் உண்டு. ஆனால் மேலே பூட்ஸைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அட்டையை எடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்திருந்தேன். விருந்தினர்கள் பலகையைத் தாண்டிப் போகிறவரை எடுத்து வைத்திருந்து, பிறகு மாட்டிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். நாலு நிமிட வேலை. பிரஸ்தான் நின்றிருக்கிறதே. அதற்குள் ஆபரேட்டர் வந்து கேட்டுவிட்டார். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று சொன்னால் அடுத்து ‘அட்டை எங்கே’ என்று கேட்பார். என் மேல்சட்டைப் பையிலிருந்து, அந்த ஆறு பேர் முன்னால், மேலாளர் முன்னால், நான் அதை எடுத்துக் காட்ட வேண்டும். அப்போது யார் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்து அவரும் சிரிப்பார்.

உன் அட்டை பதில் சொல்லுமா என்று கேட்டார் இல்லையா. அதற்கான பதிலை நான் சொல்லவில்லை. பலகையைப் பார்க்கத்தான் சொன்னேன்.

மனசாட்சி உறுத்தி இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது எனக்கு முன்பிருந்தே உண்டு. சுவரில் தவறான தகவல் ஒன்று இரண்டுக்கு மூன்றடியில் ஒட்டியிருக்கிறது, அதுவும் என் கையால். அதன் பக்கத்தில் என்னால் உட்கார முடியவில்லை. ‘இவர் மாட்டவில்லை’ என்பதை எடுத்துவிடுங்கள். என் புகைப்படம் ஒன்றையும் ‘இவர் எடுத்தார்’ என்ற எழுத்தையும் அதே அளவில் தயார் செய்து உறையில் வைத்திருக்கிறேன். ஓரம் நறுக்கியாகிவிட்டது, ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அட்டையும் உறையில்தான் இருக்கிறது. பின்பக்கம் நீலப் பேனாவால் ‘அப்பா, வெளியே வந்ததும் இதைக் கழற்று’ என்று எழுதியிருக்கிறது. அவள் கேட்டாள்தான். ஆனால் அது தளத்துச் சாமான், வீட்டுக்குக் கொடுப்பதற்கில்லை. மூன்றாம் கொக்கியிலேயே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அப்புறம் பலகையில் தவறு எதுவும் இருக்காது.