ஒட்டியது மட்டும்

இப்போது யாரும் எதையும் பார்த்துப் படிப்பதில்லை ஐயா. எழுத்து லட்சணமாக இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிறார்கள்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. துப்புரவுத் திரவம் தயாரிக்கும் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் புட்டிகளுக்கு லேபிள் எழுதினேன். தடித்த பேனா, கொஞ்சம் துள்ளலான எழுத்து. எது சோப்பு, எது அமிலம் என்று நான் பார்த்து எழுதிய பிறகுதான் புட்டி வெளியே போகும்.

மருமகன் கம்ப்யூட்டரில் விளம்பரம் செய்கிறவன். ஒருநாள் கட்டம் போட்ட தாள்களோடு வந்தான்.

"மாமா, 'அ'வுலேருந்து 'னௌ' வரைக்கும் எழுதிக் குடுங்க. பேரப்பிள்ளைங்களுக்கு ஞாபகமா இருக்கட்டும்."

"இருநூத்து நாப்பத்தேழுமா? 'ஙௌ'வ வச்சிக்கிட்டு எவன்டா என்ன எழுதப்போறான்?"

மகள் சிரித்தாள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

அதை அவன் ஃபாண்ட் ஆக்கி விற்றான். பெயர் 'மாமா'. சலூன் பலகையில் என் எழுத்து, நாய் பிஸ்கட் பொட்டலத்தில் என் எழுத்து. பொறுத்துக்கொண்டேன். பிறகு என் முதலாளியும் வாங்கினார். 'லேபிள் இனி அச்சில் வரும், தாங்கள் வரவேண்டியதில்லை' என்று கதவில் ஒட்டியிருந்தது. அதுவும் என் கையெழுத்தில். என்னை நானே போகச் சொன்னது போல.

மருமகனிடம் கேட்டேன்.

"கையால எழுதினா ரெண்டு 'ன' ஒரே மாதிரி வராது மாமா. இதுல எல்லாம் ஒரே அச்சு. இது உங்க எழுத்தே இல்ல."

சரி என்று வைத்துக்கொண்டேன்.

என் சாமான்களை எடுக்கக் கம்பெனிக்குப் போனபோது, அச்சடித்த லேபிள் சுருளில் ஒன்றைக் கிழித்தேன். 'குடிநீர்'. ஆட்கள் தண்ணீர் பிடித்து வைக்கும் புட்டிகளுக்கு அடித்தது. சாக்கடை அடைப்பை நீக்கும் திரவத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்தத் திரவப் புட்டி ஒன்றில் லேபிளை ஒட்டி, வீட்டில் மருமகன் மேசையில் வைத்தேன். மகள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகுதான் வைத்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை.

அது என் எழுத்து இல்லை என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனே நம்பிக் குடித்துவிட்டான்.

எழுதியது நீதானே என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒட்டியது மட்டும்தான் நான்.

தொண்டை வெந்துவிட்டது, இனிப் பேச்சு வராது என்றார் டாக்டர். உங்கள் போலீஸ் ஆட்கள் வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். 'ஏன் மாமா' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினான். கோழி கிளறியது போல இருந்தது.

"கொஞ்சம் நிறுத்தி எழுதுடா. இனிமே இதுதானே உனக்கு வாய்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மகள் படாரென்று கதவைச் சாத்தினாள்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்.