ஐந்தாவது அழைப்பு

காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான பார்லி மதுவில் ஒரு கரண்டி தேன் கலந்து குடிப்பது என் வழக்கம். தொண்டைக்கு நல்லது. உங்களுக்கும் தொண்டை கட்டியிருக்கிறது போலத் தெரிகிறது. நாளெல்லாம் ஆட்களை விசாரித்தால் கட்டாமல் என்ன செய்யும். சிறைக்காரரின் மனைவியிடம் சொன்னால் ஒரு கிண்ணம் கொண்டுவருவாள். வேண்டாமா, சரி. எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தர்ஸ்டன். இந்த மாவட்ட மன்றத்தில் பெயர் கூப்பிடுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை கோட்டை மண்டபத்தில் ஷெரீப் மன்றம் கூட்டுவார். கொலை, கொள்ளை என்று யார்மேலாவது குற்றம் சாட்டப்பட்டு, ஆள் வராமல் இருந்தால், அவன் பெயரை நான் கூப்பிடுவேன். ஐந்து மன்றங்களில் ஐந்து முறை. ஐந்தாவதற்கும் வராவிட்டால் அவன் சட்டத்துக்குப் புறம்பானவன். வீடும் பொருளும் மன்னருக்குப் போகும். பிடிபட்டால் தூக்கு. ஓடினால் எவனும் வெட்டலாம், கேள்வி கிடையாது. நீங்கள் மன்னரின் நீதிபதிக்கு எழுத்தர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் லண்டனில் இருப்பவர்கள் சட்டத்தைத் தாளில்தான் பார்த்திருப்பீர்கள். இங்கே அது என் தொண்டையிலிருந்து வருகிறது.

குரலைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. மற்றவர்கள் சொல்வதைச் சொல்கிறேன். நான் மண்டபத்தில் கூப்பிட்டால் கூரையிலிருக்கும் புறாக்கள் கிளம்பிவிடும். கீழே சந்தையில் மீன் விற்கிறவள் கத்தியை வைத்துவிட்டுத் தலையைத் தூக்குவாள்.

அதிகம் கூப்பிட்ட பெயர் எது என்று கேட்டால், தார்ன்லி ஃபுல்க். தார்ன்லி குடும்பத்தில் மூத்தவர் சர் யூஸ்டஸ், மாவட்டத்தின் அமைதியைக் காக்க மன்னர் நியமித்தவர். இளையவர் ஃபுல்க், அந்த அமைதியைக் கலைப்பவர். ஒரே வீட்டில் இரண்டு வேலையும் நடப்பதால் செய்தி போய்வர நேரமாகாது. ஃபுல்க்கிடம் இருபது பேர் இருந்தார்கள். சாலையில் வருபவர்களை மறிப்பார்கள், பணக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் வைப்பார்கள். மூன்று கொலைகளுக்காக மூன்று தடவை அவர் பெயரைக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறேன். மூன்று தடவையும் நான்காவது அழைப்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மன்னரின் மன்னிப்புக் கடிதம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்துப் போருக்கு ஆள் வேண்டியிருந்தது, கொலை செய்து பழகியவர் என்றால் மன்னருக்கும் சௌகரியம்.

நான் கூப்பிடும்போது அவர் பெரும்பாலும் மண்டபத்திலேயே இருப்பார். மூன்றாவது தூணில் சாய்ந்தபடி ஆப்பிள் தின்பார். நான் கதவைப் பார்த்துக் கூப்பிடுவேன். ஷெரீப்பும் கதவைப் பார்ப்பார். மன்ற எழுத்தர் "வரவில்லை" என்று எழுதுவார். ஒருமுறை மன்றம் கலைந்தபின் ஃபுல்க் என் தோளில் கை போட்டார்.

"என்னய்யா தர்ஸ்டன், இன்னைக்குத் தார்ன்லிய கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டியே. நல்லா இருந்துச்சு. எங்கம்மாகூட என்னை இவ்வளவு ஆசையா கூப்பிட்டதில்ல."

"வந்து பதில் சொல்லுங்கன்னுதான் ஐயா கூப்பிடறேன்."

"வந்துதானே நிக்கிறேன். பதிலைத்தான் யாரும் கேக்கல."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரைக் கூப்பிடு என்றுதான் சட்டம் எனக்குச் சொல்லியிருக்கிறது. ஆளைத் தேடு என்று சொல்லவில்லை.

இனி என் மச்சானுக்கு வருகிறேன். ராண்டல், என் தங்கை அவிஸின் புருஷன். வண்டிச் சக்கரம் செய்கிறவன், நல்ல வேலைக்காரன். இருபது வருடம் இரும்புப் பட்டையைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் காது போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கொஞ்சம் கேட்கும். மற்றபடி வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வான். ஈஸ்டர் விருந்துக்கு எல்லோரும் உட்கார்ந்திருப்போம், யாராவது என் குரலைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள். அவன் உடனே என்னைப் பார்த்து, "மச்சான், வாய் மட்டும் அசையுது, சத்தம் எங்க?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு வருடம் அதே நகைச்சுவை. நானும் சிரித்திருக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

போன வசந்த காலத்தில் அவன் பட்டறைக்கு அருகே சாலையில் ஒரு கம்பளி வியாபாரி கொலையானார். ராண்டலுக்குக் காது இல்லையே தவிரக் கண் உண்டு. குனிந்து கத்தியைத் துடைத்த ஃபுல்க்கின் முகத்தைப் பார்த்துவிட்டான். பிணத்தைக் கண்டவன் கூக்குரல் எழுப்ப வேண்டும் என்பது சட்டம். எழுப்பினான். செவிடன் கத்தினால் அளவு தெரியாது, மூன்று கிராமத்துக்குக் கேட்டது. கூக்குரல் கேட்டால் எல்லோரும் ஓடிவர வேண்டும் என்பதும் சட்டம். எல்லோரும் ஓடிவந்தார்கள், எல்லோருக்கும் முன்னால் ஃபுல்க் வந்தார். கொலைகாரனைத் தேடிப் புதர்களை அவர் குத்திய வேகத்தைப் பார்த்து ஊரே மெச்சியது.

ராண்டல் விரலை நீட்டி, "இவருதான்," என்றான்.

கொலைகாரன் யார் என்று சொல்லப் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து உட்கார்ந்தார்கள். மூன்று பேர் தார்ன்லி நிலத்தில் உழுகிறவர்கள். இரண்டு பேர் தார்ன்லி வீட்டில் சாப்பிடுகிறவர்கள். மிச்சம் ஏழு பேருக்கும் வைக்கோல் கூரை. பிணத்தின் அருகில் முதலில் காணப்பட்டவன் ராண்டல், எனவே கொன்றவன் ராண்டல் என்று ஒரே மனதாகச் சொன்னார்கள்.

அவன் தப்பி ஓட நினைக்கவில்லை. மன்னரின் நீதிபதி இலையுதிர் காலத்தில் வருவார், அவர் முன்னால் நின்று பார்த்ததைச் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்தான். உயிர் பிழைக்க வேறு வழியும் இல்லை. அன்றிரவுச் சாப்பாட்டில் அவிஸ் பட்டாணிக் கூழைக் கிண்டிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"அண்ணே, இவர் எப்ப போய் நிக்கணும்? நீதான் சட்டம் தெரிஞ்சவன்."

"இப்பவே போனா நீதிபதி வர்ற வரைக்கும் அஞ்சு மாசம் ஜெயில்ல கெடக்கணும். அங்க காய்ச்சல்லயே பாதிப்பேர் போயிடறாங்க. நாலு தடவை கூப்பிடறது சும்மா, வராட்டிப் பரவால்ல. அஞ்சாவதுக்கு வந்து நின்னா போதும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அவள் அவன் முகத்தைத் திருப்பி, வாயை அகலமாக அசைத்து இதைப் புரியவைத்தாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

நான்கு முறை கூப்பிட்டேன், நன்றாகவே கூப்பிட்டேன். மீன்காரியைக் கேளுங்கள். ஐந்தாவதற்கு முந்தின வாரம் ஃபுல்க் என் வீட்டு வேலியோரம் குதிரையை நிறுத்தினார்.

"உன் மச்சானைக் கூப்பிடப் போறியாமே. கூப்பிடுய்யா, அது உன் கடமை. கடமையில நான் குறுக்க நிப்பனா. ஆனா தொண்டையப் பாத்துக்க. அன்னைக்கு என் பேரும் இருக்கு. ஒரே நாள்ல ரெண்டு பேரை அடிவயித்துலருந்து கூப்பிட்டா என்னத்துக்காகும்? ஒண்ண மெதுவா கூப்பிட்டுக்க."

அவ்வளவுதான். என்னை யாரும் மிரட்டவில்லை, அதை அழுத்தி எழுதுங்கள். போகும்போது என் கூரையைப் பார்த்து, "புது வைக்கோலா, நல்லா காஞ்சிருக்கே," என்றார். அது பொதுவான பேச்சு. என் தொண்டையின்மேல் இவ்வளவு அக்கறை காட்டியவர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் கிடையாது.

அந்த நாள் காலையில் ராண்டல் குளித்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கூடவே அவிஸ். அவனுக்குக் காதாக இருக்க வந்தவள், அவன் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். சரணடைந்ததும் நேரே சிறைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே படுக்க ஒன்றும் தரமாட்டார்கள், கம்பளியும் ரொட்டியும் வாங்கி வா என்று அவளுக்கு நான்தான் சொன்னேன்.

"இவரைத் தனியா விட்டுட்டா?"

"நான் இல்லியா? பெத்த பிள்ளை மாதிரிப் பாத்துக்கறேன், போ."

போனாள். சிறையில் கம்பளி இல்லாமல் இருக்க முடியாது என்பதும் உண்மை.

ராண்டலை வெளி முற்றத்தில், கிணற்றருகே நிறுத்தினேன். கூப்பிடும் முன் உள்ளே வந்தால் ஷெரீப்புக்குப் பிடிக்காது என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன் தலையாட்டினான்.

"சத்தமா கூப்பிடு மச்சான். உன் குரல் செத்தவனையே எழுப்பும்னு ஊரே சொல்லுது. இத்தன வருஷமா நான்தான் கேட்டதில்ல. இன்னைக்காவது கேக்கறேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

உள்ளே முதலில் ஃபுல்க் பெயர். இது புதுக் கொலை ஒன்றுக்காக, நான்காவது அழைப்பு. முழுக் குரலில் கூப்பிட்டேன். புறாக்கள் கிளம்பின. தூணருகே ஃபுல்க் ஆப்பிளைக் கடித்தார். அடுத்தது ராண்டல். கூப்பிட்டேன். எழுத்தர் எனக்கு இரண்டு முழத்தில் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கேட்டது. "ஐந்தாவது முறை அழைக்கப்பட்டான், வரவில்லை" என்று எழுதினார். மரண விசாரணை அதிகாரி எழுந்து அவனைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவித்தார். அவனைப் பிடிக்கும் பொறுப்பு அமைதி காப்பவர் என்ற முறையில் சர் யூஸ்டஸுக்குப் போனது. அவர் அதைத் தம்பியிடம் கொடுத்தார். ஃபுல்க்குக்கு அன்று நான்கு அழைப்புதான் ஆகியிருந்தது, ஐந்து ஆகும்வரை அவர் சட்டத்துக்கு உள்ளே இருப்பவர்.

நான் வெளியே வந்தேன். ராண்டல் கிணற்றருகே அப்படியே நின்றிருந்தான், தொப்பி கையில்.

"என்ன மச்சான், இன்னும் கூப்பிடலியா?"

"முடிஞ்சிடுச்சு. அவிஸ் சந்தையில இருப்பா, போ," என்றேன். வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

அவன் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது, பிறகு தெளிந்தது. வழக்கே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான் போல. சந்தைத் தெருவில் இறங்கி நடந்தான். ஃபுல்க்கும் ஆறு பேரும் பின்னால் போனார்கள். "மன்னரின் பெயரால் நில்," என்று ஃபுல்க் மூன்று முறை கத்தினார். வாசலிலிருந்து நான் கேட்டேன், பிறகு இங்கே நடந்த விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். அடிவயிற்றிலிருந்து வராத குரல், வெறும் தொண்டைச் சத்தம், ஆனாலும் கேட்டது. ராண்டல் நிற்கவில்லை.

எதிரே அவிஸ் கம்பளியும் ரொட்டியுமாக வந்துகொண்டிருந்தாள். அவனுக்குப் பின்னால் வருபவர்களைப் பார்த்துக் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கத்தினாள். தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவன் கையை ஆட்டினான். சீக்கிரம் போய்ச் சேர நடையை எட்டிப்போட்டான். சட்டப்படி அது ஓட்டம். ஓடும் புறம்பானவனை வெட்டலாம். வெட்டினார்கள். தப்பு நடந்ததாக விசாரணையில் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் குரலே வரவில்லை. தேன்தான் சரிசெய்தது.

மூன்றாம் நாள் அவிஸ் வந்தாள். அழவில்லை.

"அண்ணே, நீ இவரைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"நான் சந்தையில இருந்தேன். ஃபுல்க்னு உன் குரல் கேட்டுச்சு. அப்புறம் இவர் பேருக்காகக் காதைக் குடுத்துட்டே நின்னேன். கேக்கல."

"காத்து திசை மாறியிருக்கும்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். பிறகு நான்கு நாள் நடந்து போய் உங்கள் நீதிபதியிடம் மனு கொடுத்திருக்கிறாள். தனி மனுஷியாக, அந்த வழியில். அவள் தைரியத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் சட்டம் கேட்பது ஒரே கேள்விதான், ஐந்தாவது முறை அவன் பெயர் கூப்பிடப்பட்டதா இல்லையா. கூப்பிடப்பட்டது. மன்றப் பதிவேட்டில் இருக்கிறது. என் பத்தொன்பது வருட வேலையில் ஒரு பெயரைக்கூட நான் கூப்பிடாமல் விட்டதில்லை.

அன்று கூப்பிட்டது போலவே இங்கே கூப்பிட்டுக் காட்டச் சொல்கிறீர்கள். தாராளமாக. எழுந்து நிற்கிறேன். இப்படித்தான் நின்றேன், முகம் எழுத்தர் பக்கம், முதுகு வாசலுக்கு. நீங்கள் அவரைவிட ஒரு முழம் தள்ளி இருக்கிறீர்கள், பரவாயில்லை.

ஏன் ஐயா, இறகை மையில் தொட்டு வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டாயிற்று.