சாப்பாட்டு நேரம் முடியட்டும்

— லாக்கர் சாவியக் குடுங்க மேடம். ஒரே ஒரு போன். பேசிட்டுத் திரும்ப உள்ளயே வெச்சிடறேன்.

— டூட்டி நேரத்துல போன் தொடக்கூடாதுங்க, கோவிந்தராஜ் சார். அந்த போர்டைச் செவுத்துல மாட்டுனதே நீங்கதானுங்களே.

— அப்ப நான் மேனேஜரு. இப்ப உங்களுக்குக் கீழ சப்ளையருங்களை மேய்க்கிற கேப்டன். சாருன்னு கூப்பிட்டுக் குத்தாதீங்க. பாருங்க, எம்பொண்ணு நந்தினி விடிஞ்சதுலருந்து சேலத்து ஆஸ்பத்திரியில வலியோட கெடக்கறா. மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போயிட்டாரு. அவளுக்கு அம்மாவும் இல்ல. நான் ஒருத்தன்தான்.

— தெரியுமுங்க.

— தெரிஞ்சுமா இப்பிடி நிக்கறீங்க?

— ஏனுங்க சார், வெளிய எட்டிப் பாருங்க. மலை பூரா கோடை விழாக் கூட்டம். ஏரி வரைக்கும் கார் நிக்குது. உள்ள ஒரு நாற்காலி காலியில்லை. இன்னிக்கு லீவும் இல்லை, பர்மிஷனும் இல்லைன்னு ஹெட் ஆபீஸ்ல கண்டிசனாச் சொல்லிட்டாங்க. கேப்டனை நான் எப்பிடி அனுப்பறது?

— அக்கா, ஜன்னலோர டேபிள்ல மறுபடியும் சத்தம் போடறாங்க. பிரியாணி இன்னும் வரலையாம்.

— ஆன்மேரி, கண்ணு, ஆளுக்கொரு சூப்பு பில்லு போடாம நம்ம பேர்ல வெச்சுரு. சிரிச்ச மூஞ்சியா வை. பாப்பாவுக்குக் காச்சல் எப்பிடியிருக்குது?

— இப்பத்தான்க்கா பேசுனேன். கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கறாளாம்.

— சரி, போ சாமி.

— பாத்தீங்களா? அவ பாக்கெட்டுலயே போன் இருக்குது. கிச்சன்ல இருக்கறவன், பாத்திரம் கழுவறவன், அத்தனை பேருகிட்டயும் இருக்குது. லாக்கர்ல பூட்டிக் கெடக்கறது எம்போன் ஒண்ணுதான்! கவுண்டர் போன் பக்கமும் நீங்க உடலை, சித்த நேரம் குடுங்கடான்னு கேட்டா ஒருத்தனும் தர மாட்டேங்கறான்.

— தரக்கூடாதுன்னு நாந்தான் சொல்லிருக்கறேன்.

— எதுக்கு?

— மேனேஜர் ஆன அன்னிக்கே எல்லார் போனையும் திருப்பிக் குடுத்துட்டேனுங்க. அதுக்கு முந்தி ஹெட் ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன், இந்த ரூலை எடுத்துருங்கன்னு. முடியாதுன்னுட்டாங்க. சரி, தெரிஞ்சா என் வேலை போவுது, போனாப் போவுதுன்னு துணிஞ்சுட்டேன். மத்தவங்களுக்கு என் மனசாட்சிங்க சார். உங்களுக்கு மட்டும் கம்பெனி ரூல்.

— ரூலுன்னா எல்லாருக்கும் இருக்கோணும். இல்லாட்டி ஒருத்தருக்கும் இருக்கக்கூடாது. இது என்ன நாயம், சக்தி?

— மேடம்னு சொல்லுங்க. கெஸ்ட் இருக்கறாங்க.

— இங்கிருந்து போயி சேலத்துல நான் இருந்த ஓட்டலை மூடிட்டாங்க. இந்த வயசுல எவனும் சேக்கலை. நீ மறுபேச்சில்லாமச் சேத்துக்கிட்ட. பழசையெல்லாம் மறந்துட்டுக் கை குடுக்குதே இந்தப் புள்ளைன்னு, பாரு, ஊட்டுல வெளக்கேத்திக் கும்பிட்டேன். நந்தினிகிட்டயும் சொன்னேன், சிவசக்தின்னு ஒரு பொண்ணு, தங்கம்னு.

— மறந்துட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்? ஹெட் ஆபீஸ்ல உங்களை வேண்டாம்னுதான் சொன்னாங்க. அனுபவசாலி, நமக்கு வேணும்னு நாந்தான் அடம்புடிச்சு எடுத்தேன். நீங்க வேற எங்கயோ இருந்தா உங்களை நான் என்ன பண்ண முடியும்? இதே எடத்துல, இதே மாதிரி ஒரு கூட்டத்துல, எங்கயோ போகோணும்னு நீங்க தவிச்சுக்கிட்டு நிக்கோணும். அதை நான் பாக்கோணும். அதுக்குத்தாங்க சேத்துக்கிட்டேன்.

— உன் தம்பி விசயமா?

— சின்னன். பேரைச் சொல்லுங்க.

— பாரு, அன்னிக்கு நம்ம கம்பெனி டைரக்டர் குடும்பத்தோட வந்திருந்தாரு. என் நெலமை அப்பிடி...

— நானே சொல்றேனுங்க. உங்களுக்குப் பாதிதான் தெரியும். கொட்டச்சேடு எஸ்டேட்டுல கிளை கழிக்க மரமேறுனான். கயிறு அறுந்து உளுந்துட்டான். ஜீப்புல போட்டு இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்தாங்க. இங்கிருந்து நடந்தே போயிரலாமுங்க. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் இந்தக் கவுண்டருக்குப் போன் போட்டு, அக்காவை ஒடனே அனுப்புங்கன்னாரு. போனை எடுத்தது நீங்க. என்ன சொன்னீங்க?

— அதை இப்ப எதுக்கு...

— ‘சாப்பாட்டு நேரம் முடியட்டும்.’ இதான சொன்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் டைரக்டர் ஊட்டுக் கொளந்தைக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கிட்டிருந்தேன். அது துப்பத் துப்பத் தொடைச்சு உட்டுக்கிட்டு. நீங்க அந்தத் தூணுக்கிட்ட நின்னு, சிரி சிரின்னு எனக்கு ஜாடை காட்டுனீங்க. நானும் சிரிச்சேனுங்க.

— அம்புட்டு மோசமா இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? கையோ காலோ ஒடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீ போயிட்டா அந்த டேபிளை ஆரு பாப்பா? உன்னை அனுப்பியிருந்தா அன்னிக்கே என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க.

— கிழிச்சிருப்பாங்க. இல்லைங்கலை. ஆனா அவன் ‘அக்கா வந்துருச்சா, அக்கா வந்துருச்சா’ன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டான். சேலத்துக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பவும் கேட்டானாமுங்க. மலை எறங்கி முடிக்கறதுக்குள்ள வளைவுலயே போயிட்டான். நான் போய்ப் பாக்கறப்பக் கண்ணு தெறந்தே இருந்துச்சு. அதை மூடி உட்டேன். அக்கான்னு நான் அவனுக்குப் பண்ணுனது அது ஒண்ணுதான்.

— இப்ப என்ன பண்ணச் சொல்ற? கால்ல உழட்டுமா? இந்தா, உழறேன்.

— எந்திரிங்க சார். யூனிபாரம் அழுக்காயிரும்.

— தாயி, எம்மேல இருக்கற கோவத்தை எம்மேல காட்டு. எம்பொண்ணு உனக்கு என்ன பண்ணுனா?

— எங்க சின்னன் உங்களுக்கு என்ன பண்ணுனானுங்க?

— எனக்கு இந்த வேலையே வேண்டாம். நான் கெளம்பறேன்.

— கெளம்புங்க. காலையிலயே கெளம்பிருக்கலாம். கதவு தெறந்துதான கெடக்குது? நான் பூட்டுனது போனைத்தாங்க. உங்களை இல்லை.

— இதையும் உட்டுட்டா நான் எங்க போய் நிப்பேன்? அந்தப் பயத்துலதான்...

— அன்னிக்கும் அதே பயந்தானுங்களே.

— சரி, சக்தி. நான் பாவிதான். ஆஸ்பத்திரியில இருந்து எதாச்சும் தகவல் வந்துச்சா? அதை மட்டும் சொல்லு. அவகிட்டக் கவுண்டர் நம்பரைத்தான் குடுத்து வெச்சிருக்கறேன்.

— வந்துச்சுங்க. கூட்டம் கூடறதுக்கு முந்தியே வந்துருச்சு. கொளந்தை திரும்பிக் கெடக்குது, ஆபரேசன் பண்ணோணும், சொந்தக்காரங்க ஆராச்சும் ஒடனே வாங்கன்னு நர்சம்மா கூப்பிட்டாங்க.

— அடிப்பாவி! கையில வெச்சுக்கிட்டா இத்தனை நேரம் பேசிக்கிட்டிருந்த? எம்பொண்ணு! எம்பொண்ணு என்ன ஆனா?

— சத்தம் போடாதீங்க. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. நான் ஒண்ணும் பண்ணாம போனை வெச்சுரோணும்னுதாங்க இருந்தேன். வருசக்கணக்கா அப்பிடித்தான் நெனச்சு நெனச்சு வளத்தேன். அந்தம்மா பேசறப்பப் பின்னால உங்க பொண்ணு கத்தற சத்தம் கேட்டுச்சு. முடியலைங்க. எங்கம்மா சேலத்துல தங்கச்சி ஊட்டுல இருக்கறாங்க. அவங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆட்டோ புடிச்சு ஓடுனாங்க. கையெழுத்துக் கேட்ட எடத்துல கைநாட்டு வெச்சிருக்கறாங்க.

— உங்கம்மா ராசாத்தியம்மாவா? ஆரு பொண்ணுன்னு தெரியாமப் போயிட்டாங்களா?

— தெரிஞ்சுதான் போனாங்க. அம்மா என்னைய மாதிரி இல்லீங்க.

— நந்தினி...

— நொம்ப நல்லா இருக்கறா. பேத்தி பொறந்திருக்குது உங்களுக்கு. கொளந்தையை மொதல்ல கையில வாங்குனதே எங்கம்மாதானாம்.

— சாமி! என் வயித்துல பாலை வாத்த தாயி. உன்னையப் போயி பாவின்னுட்டேன் பாரு. இந்த மனசு ஆருக்கு வரும்? நீ நல்லா இருப்ப. உன் கொலமே நல்லா இருக்கும்.

— அவசரப்படாதீங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கலை. கண்ணு முழிச்சதும் எங்கம்மா போன்லருந்து நந்தினி பேசுனா. மொதல்ல கேட்டதே, அப்பா எங்கன்னுதான்.

— என்ன சொன்ன?

— இங்கதான் இருக்கறாரு, பந்தியக் கவனிச்சுக்கிட்டிருக்கறாருன்னேன். கெளம்பிட்டாரான்னு கேட்டா. இல்லைன்னேன்.

— நானா கெளம்பலை? நீதான உடலை!

— அதை அவ கேக்கலைங்க. நானும் சொல்லலை. அதோட போனை அம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டா.

— ஐயோ, அவ என்னையப் பத்தி என்ன நெனப்பா? வேலைதான் பெருசுன்னு அப்பன் இருந்துட்டான்னு நெனப்பாளே! இல்ல, உட மாட்டேன். நான் போயிச் சொல்றேன். போனைப் பூட்டி வெச்சது நீ, தகவலை மறைச்சது நீ. ஒண்ணு உடாம அத்தனையும் அவகிட்டச் சொல்றேன்!

— தாராளமாச் சொல்லுங்க. இந்தாங்க சாவி, போனை எடுத்துக்கங்க. வாசல்ல நம்ம டிரைவர் ஜெப்சன் ஜீப்போட நிக்கறான், ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோயி உட்டுருவான். இங்க நான் பாத்துக்கறேன். நீங்க சொன்னதும் உங்க பொண்ணு ஒண்ணு கேப்பா: ‘அந்தக்கா எதுக்குப்பா அப்பிடிப் பண்ணுச்சு?’ எங்கம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க, உங்க பேத்தியை மடியில வெச்சுக்கிட்டு. அவங்களைப் பாத்துக்கிட்டே பதில் சொல்லுங்க சார்.