ஜெசிந்தா அக்கா தங்கிப்போன அறை

பூட்ஸ் சத்தம். மரப்படிகளில். காலை ஐந்து மணி.

"எலியட்ட வரெவ்! எலியட்ட!"

ஆமிக்காரர் சிங்களத்தில் வெளியே வரச் சொல்கிறார்கள். வெள்ளவத்தை லொட்ஜ். தொண்ணூற்றாறு, மழைக்காலம். கதவுகள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன. என் அறையில் இரண்டு பேர். லொட்ஜில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; பதிவில் இருப்பது நான் மட்டும்.

மற்றவர் ஜெசிந்தா அக்கா. கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகக் கந்தோரில் டைப்பிஸ்ட். பின்னேரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போவார். சாக முயன்று பிழைத்தவர்களின் கட்டிலருகே இருப்பார். அப்படித்தான் என்னிடமும் வந்தார். யாழ்ப்பாணத்தில் செல் குண்டு விழுந்தது. என் மகள் போனாள். கொழும்புக்கு வந்து நானும் போகப் பார்த்தேன். பிழைத்தேன்.

லொட்ஜில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வயிற்றுவலி என்றார்கள். சாக முயல்வது அப்போது சட்டப்படி குற்றம். வடக்கிலிருந்து வந்தவளுக்கு அந்த வழக்கும் வேண்டுமா? பாசம்தான். குளியலறைக் கதவின் கொண்டியைக் கழற்றினார்கள். கஞ்சி தந்தார்கள். "வயித்துக்குத்து எப்பிடி, பிள்ளை?" அந்தப் பொய்க்குள் மூச்சு முட்டியது.

அக்கா மட்டும் நேரே கேட்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்தபடி.

"இண்டைக்குச் சாகவேணும் போல இருக்கோ?"

"இல்லை அக்கா."

"பொய்யெண்டாலும் வடிவாச் சொல்லு. உன்ர மூஞ்சிக்கு அது வரேல்லை."

நேற்றும் கேட்டார். "ஓம்" என்றேன். கைப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் போகேல்லை." கடைசி பஸ் காலி வீதியால் போனது. என் கையைப் பிடித்தபடியே நித்திரையானார்.

இப்போது டோர்ச் வெளிச்சம் அவர் முகத்தில். ஏன் இங்கே தங்கினாய்? உண்மையான பதில் ஒன்றே ஒன்று. சொன்னால் வழக்கு என்மேல். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். சொந்தக்காரி என்றார், நல்ல சிங்களத்தில். கீழே லொட்ஜ் முதலாளியைக் கேட்டார்கள். அப்படி ஒரு சொந்தம் தெரியாது என்று அவர் பயத்தில் சொல்லிவிட்டார். பதில் இரண்டாகிவிட்டது. அது போதும் அவர்களுக்கு.

ட்ரக்கில் ஏற்றப்பட்டவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். அக்கா வரவில்லை. பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினேன். அப்படி ஒருத்தி இல்லையாம். இழந்தது ஒரு மகள். ஒரு அக்கா. உயிரோடு மிஞ்சியது நான்.

அன்று ட்ரக்கில் ஏறும்போது அக்கா திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் ஒதுங்கி நின்ற லொட்ஜ் சனத்தைப் பார்த்தார். தமிழில் சொன்னார். ஆமிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இவளைத் தனிய விடாதேங்கோ. வாய் திறந்து கேளுங்கோ. கேக்கிறதால ஒருத்தரும் சாகிறேல்லை."