பனிச்சறுக்கு முத்திரை

—ஒரே ஒரு வேலை சொன்னேன் வேம்புலி. ஊடு கட்டிக் குடுன்னேனா? கெணறு வெட்டிக் குடுன்னேனா? அஞ்சு கவரு. எடுத்துக்கினு போயி முத்திரை குத்திக்கினு வாடா மச்சான்னேன்.

—மறந்துட்டேன் மாமே. உடு.

—உடுவா? கேளு குப்பம்மா, உன் தம்பி சொல்றத! தொர மறந்துட்டாராம்!

—இன்னாய்யா, புள்ள காஷ்மீர்லேர்ந்து மூணு நாளு ரயில்ல குந்திகினு வந்துகீறான். சென்ட்ரல்ல எறங்கி, லோக்கல் புடிச்சு, பட்டாபிராம் வந்து இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுக்குள்ள கவரு கவருன்னு உயிர எடுக்கிறியே. நல்லா கீது போ.

—உனுக்கு இன்னாமே தெரியும்? புது ஸ்டாம்பு வெளியாவற மொத நாளு, பனிச்சறுக்கு போட்டி நடக்கற அந்த மலையூரு போஸ்டாபீஸ்ல, சறுக்கறவன் படம் போட்ட முத்திரை குத்தறாங்க. அன்னிக்கு மட்டும்தான். மறுநாளு போனா சாதா முத்திரை. அப்புறம் அது மொத நாள் கவரே கெடையாது. பொட்டலம் மடிக்கத்தான் ஆவும்.

—பொட்டலமாவது மடிக்கலாமில்ல. இப்ப எதுக்கு ஆவுது? அலமாரி பூரா உன் கவரு. என் பொடவைய வெக்க எடமில்லாம கட்டிலுக்கு அடியில சுருட்டி வெச்சுகினு கீறேன். ஆயுசுல பனியப் பாக்காத மனுசன், கவரு மேல பனியில சறுக்கறவன வரைஞ்சுகினு உக்காந்துகீறாரு. ஃபேக்டரில வண்டிக்கு நம்பர் எழுதற கை, ஊட்டுக்கு வந்தா பொம்ம எழுதுது.

—பொம்மயா? பக்கத்து ஊட்டு ஞானம்மாள் டீவில ஐஸ் வெளையாட்டு ஒலிம்பிக் காட்டறப்ப, கரண்ட் பூடுறதுக்குள்ள பாத்துப் பாத்து மனசுல புடிச்சு வரைஞ்சது. கறுப்பு வெள்ள டீவிமே அது. கலரு பூரா நானா யோசிச்சுப் போட்டது.

—ஆமா, ஐஸ்ல ஆடறவளுக்கு பாவாட மட்டும் இம்மாத்தூண்டு யோசிச்ச.

—உடுக்கா. மாமாவ சீண்டாத.

—நீ கம்முனு இரு வேம்புலி! உன்னத்தான் கேக்கிறேன். ஞாயித்துக்கெழம மவுண்ட் ரோடுல எக்ஸிபிஷன். அஞ்சு கவருக்கு எடம் உட்டு பிரேம் போட்டாச்சு. இருவது வருசமா சேக்கறேன், ஒரு வாட்டி உள்ள உட்டதில்ல. சரக்கு பத்தாதுன்னு சொல்லி தொரத்துவான். இந்த வாட்டிதான் எடம் குடுத்துக்கீறான். எக்ஸிபிஷன் நடத்தற பால்ராஜ் சாராண்ட, 'என் மச்சான் மிலிட்டிரில கீறான் சார், முத்திரை வந்துரும்'னு மாரத் தட்டி சொல்லிக்கீறேன். இப்ப காலி பிரேம மாட்டிட்டு அதும் முன்னாடி நான் நிக்கட்டா?

—வேற கவரு எதுனா வெய்யி மாமே.

—வேற கவரா! மாப்ள வரலன்னா வேற ஒருத்தன மணையில குந்த வைன்ற மாரி சொல்றான் பாரு. சரி, மறந்துட்ட. ஒத்துக்கறேன். அப்ப கவரு ஏன் இந்தக் கதியில கீது? செவப்பு பூரா ஓடி, சறுக்கறவன் மூஞ்சியே காணோம். பொட்டியில தூங்கின கவரு எப்டிடா நனையும்?

—டீ கொட்டிக்கிச்சு.

—பெயிண்டு அடிக்கறவனாண்ட வந்து டீன்றியா? டீ கறை எனுக்குத் தெரியாதா? இது பச்சத் தண்ணி.

—தொவைக்கப் போட்டப்ப சட்டப் பாக்கெட்டுல இருந்துச்சு மாமே. பாக்காம முக்கிட்டாங்க.

—மொதல்ல மறந்துட்டேன்ன. அப்புறம் டீன்ன. இப்ப தொவையலா? மறந்தவன் எதுக்குடா பாக்கெட்டுல வெச்சுகினு சுத்தற? என்னாண்டயே ரீலு உடற பாத்தியா!

—யோவ், போதும்யா. அக்கம்பக்கத்துல அல்லாரும் கேட்டுகினு கீறாங்க. டேய் தம்பி, கத்திரி வெயில்ல இன்னும் ஷூவ மாட்டிகினு குந்திகீற? கழட்டிட்டு காலக் கழுவிகினு வா. ஞானம்மாளாண்ட தயிரு கேட்டுக்கீறேன், போயி வாங்கியாந்துடறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க.

—போ போ. கதவ சாத்திகினு போ... மச்சான், உங்கக்கா போயிட்டா. இப்ப நெஜத்த சொல்லு. குளிருக்கு கம்பளிய இழுத்துப் போத்திகினு தூங்கிட்ட. அதான?

—ஆமா மாமே. தூங்கிட்டேன். போதுமா?

—போதாதுடா! மிலிட்டிரிக்கு ஆளெடுக்கறாங்கன்னு உன்ன சைக்கிள்ல வெச்சு ஆவடி வரைக்கும் மிதிச்சவன் நானு. பதிலுக்கு நான் எதுனா கேட்டுக்கீறேனா? இது ஒண்ணுதான் கேட்டேன். கேக்கறதுக்கே வெக்கமா இருந்துச்சு. குவார்ட்டர்ஸே சிரிக்குது, கட்டினவ சிரிக்கறா. நீ ஒருத்தன்தான் சிரிக்கல. 'குடு மாமே, நான் பாத்துக்கறேன்'ன. அதாண்டா வயிறு எரியுது.

—மன்னிச்சுக்க மாமே.

—மன்னிப்பு எவனுக்கு வோணும்? எழுந்திரு, சோத்தத் துன்னு. மொதல்ல ஷூவக் கழட்டு, இல்லன்னா உங்கக்கா வந்து என் மேலதான் உழுவா.

—இருக்கட்டும். அப்புறம் கழட்டறேன்.

—இன்னா வெக்கம்? மூணு நாளு ரயில்ல வந்தா அல்லாரு காலும்தான் நாறும். காட்டு, நான் கழட்டறேன்.

—வாணாம் மாமே. வாணான்றேன்ல... மாமே!

—ஆடாத. முடிச்சப் போட்டுகீறான் பாரு, மாட்டக் கட்டற மாரி. ஆங், வந்துட்ச்சு. இன்னாடா இது, சாக்ஸுக்குள்ள பஞ்சு அடைச்சு வெச்சுகீற? மச்சான்... ஐயோ! டேய், வெரலுங்க எங்கடா?

—மெதுவா பேசு. அக்கா வந்துரப் போவுது.

—வெரலுங்க எங்கடான்னு கேக்கறேன்!

—பனி புடிச்சுகிச்சு. கறுத்துப் போயி, ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க. அக்காவாண்ட பார்டர்ல காவல் நின்னப்ப போச்சுன்னு சொல்லப் போறேன். நீயும் அதே சொல்லிரு.

—சொல்றதுன்னா இன்னாடா? அப்ப காவல் நின்னப்ப போவலியா?

—இல்ல. அன்னிக்கு எனுக்கு லீவு. பனி கொட்டி பஸ்ஸு நின்னு போச்சு. உன் கவர பாக்கெட்டுல வெச்சுகினு போஸ்டாபீஸுக்கு நடந்தே கெளம்பினேன் மாமே.